பாட்டி பிறந்தது எந்த வருஷம்? – வாசகர் கேள்வி பதில்

அம்மாவையும் பாட்டியையும் பறிகொடுத்த வீடுகளிலிருந்து வந்த கடிதங்கள் இந்த மாதம் நிறைய. அவர்களுடைய தேதி, படம், குரல், கைப்பக்குவம் எதுவும் தொலைந்துவிடக் கூடாதே என்ற தவிப்பு எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. அவற்றில் ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில்.

பாட்டியின் அடையாள அட்டையில் பிறந்த ஆண்டு 1938. ஆனால் "ஜப்பான்காரன் வந்தப்ப தம்பிய இடுப்புல தூக்கிட்டு ஓடினேன்" என்று கடைசி வரை சொல்வார். மூன்று வயதுப் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுமா? நினைவு மலரில் எந்த ஆண்டைப் போடுவது?
– வாசகி, செந்தூல்

பாட்டி சொன்னதையே முதலில் நம்புங்கள். வருஷம் மாறிப்போகலாம்; இடுப்பில் தம்பி இருந்தது மாறாது. கைக்குழந்தையைத் தூக்கி ஓட ஆறேழு வயதாவது வேண்டும். பினாங்கில் ஜப்பானியக் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 11. கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது 1942 ஜனவரி 11. அப்படிப் பார்த்தால் பாட்டி 1935-லோ அதற்கு முன்போ பிறந்தவர்.

அட்டையில் ஏன் வேறு ஆண்டு வந்தது? மலாயாவில் அடையாள அட்டைப் பதிவு 1948-இல், அவசரகாலத்தில் தொடங்கியது. 12 வயது நிரம்பியவர்கள் பதிந்துகொள்ள வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு, பெற்றோர் வாய்மொழியாகச் சொன்ன வயதோ, எழுதுபவர் பார்த்து மதிப்பிட்ட வயதோதான் பதிவாகியிருக்கும். பழைய அட்டை கிடைத்தால் அது வழங்கப்பட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய 12 இலக்க எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடத்தின் குறியீடு (பினாங்கு 07, பேராக் 08, சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14). தேதி உத்தேசமாக இருந்தாலும் மாநிலம் பெரும்பாலும் சரியாக இருக்கும். எந்தப் பக்கம் தேடுவது என்பதற்கு அது உதவும்.

அவர் பேச்சில் அடிக்கடி வந்த நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு, மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாக இருந்த நாள்கள் என்றால் 1942 முதல் 1945 வரை. அப்பாவையோ அண்ணனையோ ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள் என்றால் 1942 அல்லது 1943. சுதந்திரத்தின்போது கையில் எந்தப் பிள்ளை, வயிற்றில் எந்தப் பிள்ளை? அது 1957 ஆகஸ்ட் 31. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், மாதாமாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினோம் என்றால், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், 1960-க்குப் பிறகு. அந்தப் பங்குப் புத்தகம் பெட்டியில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் பெயர், தோட்டம், தேதி மூன்றும் இருக்கலாம். பங்கும் வாரிசுகளுக்கு மாற்றப்படாமல் கிடக்கலாம். கோலாலம்பூர் வெள்ளம் 1971 ஜனவரி. பாலம் திறக்கும் முன் ஃபெரியில் பினாங்கு போனோம் என்றால் 1985-க்கு முன்.

இந்தியாவில் பிறந்து கப்பலில் வந்தவர் என்றால் கப்பல் பெயரைக் கேட்டுவையுங்கள். ரஜுலா 1926-இல் கட்டப்பட்டது. 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்), சிங்கப்பூர் என்று ஓடியது. அதன்பின் வந்த சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு சேவையே நின்றது. தோட்ட வேலைக்கு உதவிப் பயணத்தில் (கப்பல் கட்டணத்தைப் பிறர் ஏற்க) ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்திவிட்டது. ஆகவே அந்த வழியில் குடும்பம் வந்திருந்தால் அது 1938-க்கு முன்.

எல்லாம் பார்த்தபின் மலரில் இரண்டையும் போடுங்கள்: "1935 வாக்கில் (அடையாள அட்டையில் 1938)". ஒன்றை மறைத்து ஒன்றை மட்டும் போட்டால் பேரப்பிள்ளைகள் பின்னாளில் பத்திரம் தேடும்போது குழம்புவார்கள். பெயருக்கும் இதே விதி. பதிவேட்டில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று, கூப்பிட்ட பெயர் ஒன்று என்றால் இரண்டையும் எழுதி வையுங்கள். தோட்டத்துக்கும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு பெயர், நம்மவர் வாயில் ஒரு பெயர் இருக்கும். பக்கத்துப் பட்டணத்தையும் சேர்த்துக் குறித்தால்தான் அரசு ஆவணக் காப்பகத்தில் தேடினாலும் பிடிபடும்.

அம்மா போன மாதம் தவறிவிட்டார். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவர் கைப்பேசியை என்ன செய்வது?
– வாசகர், கெப்போங்

ஒன்றும் செய்யாமல் வைத்திருப்பதுதான் முதல் வேலை. சிம்மை ரத்து செய்யாதீர்கள். ப்ரீபெய்டு என்றால் காலாவதியாகாமல் காசு போட்டுக்கொண்டே இருங்கள். எண் போனால் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடும். வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் நீக்கப்படும். செயலியை அழிக்கக் கூடாது, புதுப் போனில் அம்மா எண்ணைப் போட்டுப் பார்க்கவும் கூடாது. இந்த இரண்டில்தான் பல வீடுகளில் எல்லாம் போய்விடுகிறது.

பிறகு உங்கள் போனில் அம்மாவின் உரையாடலைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுங்கள். மீடியாவோடு எடுத்தால் அண்மைய 10,000 செய்திகள் வரைதான் வரும். அதற்கு முந்தியவற்றில் குரல் செய்திகளைத் தேர்ந்தெடுத்துத் தனியாகப் பகிர்ந்து சேமிக்க வேண்டும். அப்போதே பதிவிறக்காமல் விட்ட பழைய செய்திகள் இனிக் கிடைக்காது. அதற்காக மனம் உடைய வேண்டாம். அம்மாவின் குரல் உங்கள் போனில் மட்டும் இல்லை. அக்கா, சித்தி, பக்கத்து வீட்டு ஆன்ட்டி, கோயில் குழு என்று எத்தனையோ பேரிடம் இருக்கிறது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் இப்போதே கேளுங்கள். ஆறு மாதம் கழித்தால் பாதிப் பேர் போன் மாற்றியிருப்பார்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதியை முதலில் போடுங்கள்: 2019-10-27-தீபாவளி-அம்மா. அப்போதுதான் தானாக வரிசையாக நிற்கும். கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என மூன்று பிரதி வேண்டும். "சாப்பிட்டியா, மழை வருது, குடை எடுத்துக்கோ" போன்றவற்றை வெறும் பேச்சு என்று கழிக்காதீர்கள். அம்மா அம்மாவாகப் பேசியது அவற்றில்தான்.

சாமி அறையில் மாட்டிய பாட்டி படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. பழைய ஆல்பத்திலும் பூஞ்சை. எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

ஒட்டிய படத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். படத்தின் மேல் பூச்சில் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியில், தாள் உங்கள் கையில். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, கண்ணாடியோடு அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து எடுங்கள். ஸ்கேனர் கொள்ளாவிட்டால் சுவரில் சாய்த்து, சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் பிடிக்கலாம். எதிரே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாது.

இப்படி ஆனதற்குக் காரணம் ஈரமான மாலை, கற்பூரப் புகை, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி இல்லாமை. கண்ணாடி மேல் இடும் சந்தனமும் குங்குமமும் விளிம்பு வழியாக உள்ளேயும் இறங்கும். பூசைக்குப் பிரதியை மாட்டுங்கள், அசலை எடுத்து வைத்துவிடுங்கள். இதில் பாட்டிக்கு ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. பிரதிக்கும் ஓரத்தில் மவுண்ட் அட்டை வைத்துக் கண்ணாடியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியே நிற்கச் சொல்லுங்கள்.

ஆல்பத்தில் வண்ணப் படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் காத்திருக்கும். 1970-களின் வண்ணப் படம் இருட்டுப் பெட்டியில் இருந்தாலும் நிறம் போய்ச் சிவந்துகொண்டே வரும். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். இரண்டரைக்கு மூன்றரை அங்குலப் படம் அந்த அளவில் 1500-க்கு 2100 புள்ளிகள் தரும். ஐந்துக்கு ஏழு அங்குலத்தில் தெளிவாக அச்சிடலாம். அடையாள அட்டை அளவுப் படம் மட்டுமே உண்டு என்றால் 1200 வையுங்கள். அசல் ஸ்கேனைத் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாக வைத்து, திருத்துவதைப் பிரதியில் செய்யுங்கள். இப்போதைய செயலிகள் முகத்தைச் 'சீராக்குகிறேன்' என்று வேறு யாரோ ஒருவரை வரைந்து வைத்துவிடும். சுருக்கத்தை அழிக்காமல், கீறலையும் நிறத்தையும் மட்டும் திருத்தினால் போதும்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தால், வாசனையோ மெழுகோ பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெல்ல அறுத்தபடி செலுத்துங்கள். வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடலாம். பூஞ்சைக்கு ஈரத்துணி ஆகாது. முதலில் உலர்ந்த காற்றோட்டத்தில் வைத்து, பிறகு வாசலில் நின்று, முகக்கவசம் போட்டு, மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரம் பெரும்பாலான நாளில் 70 சதவீதத்தைத் தாண்டும். 65-க்கு மேல் போனாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

படத்தின் பின்னால் பேனாவால் எழுதக் கூடாது. மை முன்பக்கம் ஊறும். அழுத்தினால் முகத்தில் மேடு தெரியும். உறைமேல் எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் பின்னணியைப் பாருங்கள். பத்துமலையில் பெரிய முருகன் சிலை இருந்தால் 2006 ஜனவரிக்குப் பின். படிகள் வண்ணமாக இருந்தால் 2018 ஆகஸ்டுக்குப் பின்.

பாட்டிக்கு 86 வயது, நல்ல நினைவோடு இருக்கிறார். "உங்க வாழ்க்கையச் சொல்லுங்க பாட்டி" என்றால் "என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம்" என்று முடித்துவிடுகிறார்.
– வாசகர், பாயான் லெப்பாஸ்

கேள்வி பெரியதாக இருப்பதால் பதில் சின்னதாகிறது. வாழ்க்கையைக் கேட்காதீர்கள், விடியற்காலையைக் கேளுங்கள். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்குப் போவீங்க? இருட்டில் எது வெளிச்சம்? உங்க நிரையில் எத்தனை ரப்பர் மரம்? மழை பெய்தால் சம்பளம் உண்டா? பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனால் பால் யார் கொடுத்தது? ஒட்டுப்பால் வாடை சேலையில் போக எதைப் போட்டுத் துவைப்பீங்க? பட்டணத்துப் பாட்டி என்றால் செந்தூல் ரயில்வே வீடா, பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்பா, எந்தக் குழாயில் தண்ணீர், எந்தக் கடையில் கடன் கணக்கு. கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேட்டால் இன்னும் நல்லது. பழைய பித்தளைச் சொம்பு ஒன்று அரை மணி நேரம் பேச வைக்கும்.

காலை பத்து மணி வாக்கில், சாப்பாட்டுக்கு முன், 40 நிமிடத்துக்கு மேல் போகாமல் பேச விடுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், அவரிடமிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தட்டுவதும் தேய்ப்பதும் பேச்சை விடப் பலமாகக் கேட்கும். மேல் விசிறியை நிறுத்தி, கால் விசிறியை அவர் முதுகுப்பக்கம் மெதுவாக வையுங்கள். தொலைக்காட்சி கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். சுருக்கப்படாத ஒலிக் கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி வரும். இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், யார் யார் இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

அவர் பேசும்போது திருத்தாதீர்கள். "இல்ல பாட்டி, அது மாமா இல்ல, சித்தப்பா" என்று யாரோ குறுக்கே சொன்ன இடத்தில்தான் பெரும்பாலான பதிவுகள் நின்றுபோகின்றன. பெயர்க் குழப்பத்தைப் பிறகு தாளில் எழுதிச் சரிசெய்யலாம். மௌனம் வந்தால் பத்து வினாடி சும்மா இருங்கள். அடுத்த சொல் அவரிடமிருந்து வரட்டும்.

இறந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் வைத்தார்களா என்று மெதுவாகக் கேட்கலாம். பெற்றது ஒன்பது, தங்கியது ஆறு என்று ஒரு தாய் சொன்னால் அந்த மூன்றும் அவர் கணக்கில் உண்டு. குடும்ப மரத்திலும் இருக்கட்டும். ஆனால் "இத எழுதாதே" என்று அவர் சொன்னதை எழுதவே கூடாது. அவர் மறைந்தபிறகும்தான்.

பாட்டியின் அதிரசக் கணக்கு அத்தையிடம் இருக்கிறது: "ரெண்டு பால் டின் அரிசி, ஒண்ணரை டின் வெல்லம்." அப்படியே செய்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறது.
– வாசகி, டாமான்சாரா

எந்த டின் என்பதில் தொடங்குங்கள். பால் டின்கள் எல்லாம் ஒரே அளவு கிடையாது, பழையது சின்னது. அத்தை வீட்டில் அந்த டின்னே இருந்தால், தராசில் வைத்துப் பூச்சியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பிறகு அதே டின்னில் அரிசியையும் பொடித்த வெல்லத்தையும் தனித்தனியே நிறுத்து எழுதுங்கள். வெல்லத்தை அமுக்கி அளந்தாரா, தூவி அளந்தாரா என்பதிலேயே நிறைய வித்தியாசம் வரும்.

அதிரசத்துக்கு 500 கிராம் பச்சரிசிக்கு 350 முதல் 400 கிராம் வெல்லம் என்பது பொதுவான கணக்கு. அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, பிடித்தால் கையில் ஒட்டும் ஈரத்தோடு இடித்துச் சலிக்க வேண்டும். கடை மாவில் அந்த ஈரம் இல்லை. பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். வெப்பமானியில் 112 முதல் 116 டிகிரி.

எண்ணெயில் பிரிந்தால் பாகு பதம் வரவில்லை, அல்லது வெல்லம் கூடிவிட்டது. அந்த மாவில் இரண்டு மூன்று கரண்டி ஈர அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். கல்லாக வந்தால் பாகு முற்றிவிட்டது; கொஞ்சம் சூடான பால் தெளித்துப் பிசையலாம். மாவு ஒருநாளாவது ஊறவேண்டும். பாட்டி வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா (தென்னை வெல்லம்) போட்டாரா என்றும் அத்தையிடம் கேளுங்கள். அதில் ஈரம் கூடுதல், பாகு காய நேரம் எடுக்கும். 200 கிராம் அரிசிக்கு வெல்லம் 140, 150, 160 என மூன்று சிறு பாகம் செய்து, எது எது என்று சொல்லாமல் அத்தையைச் சுவைக்கச் சொல்லுங்கள். பாட்டி கை எது என்று அவர் நாக்குக்குத் தெரியும்.

அம்மா செவ்வாய் அதிகாலை 1.15-க்கு மறைந்தார். ஆண்டுத் திதியைத் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் எப்படிப் பார்ப்பது?
– வாசகர், பட்டர்வொர்த்

நம் மலேசிய நேரம் இந்திய நேரத்தை விட இரண்டரை மணி முன். செவ்வாய் 1.15 என்றால் அங்கே திங்கள் இரவு 10.45. பஞ்சாங்கத்தில் திங்கள் இரவு 11.02 வரை தசமி என்று இருந்தால் அம்மா மறைந்தது தசமியில். கழிக்காமல் செவ்வாய் 1.15 என்று பார்த்தால் ஏகாதசி என்று எழுதிவிடுவீர்கள். ஆண்டுதோறும் தவறு தொடரும். பாட்டி தாத்தாவின் பழைய திதியைச் சரிபார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1982 பிறக்கும் வரை தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி பின்னால் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு, போருக்குப் பிந்திய காலம் வரை, இரண்டு மணி மட்டும் கழியுங்கள். உள்ளூர் நாட்காட்டி என்றால் நேரம் ஏற்கெனவே மாற்றப்பட்டதா என்று முன்பக்கத்தில் பாருங்கள். தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி மூன்றையும் சேர்த்து எழுதி, இறப்புப் பத்திரத்தின் பிரதியோடு வையுங்கள். ஒரு மாதத்தில் அதே திதி இரண்டு முறை வந்தால் குடும்பக் குருக்களின் வழக்கப்படி செய்யுங்கள்.

31-ஆம் நாளுக்கு நினைவு மலர் போட நினைக்கிறோம். எத்தனை பக்கம், என்னென்ன இருக்க வேண்டும்?
– வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

ஏ5 அளவில் 16 பக்கம் போதும். நடுவில் பின் அடிப்பதால் பக்கம் நான்கின் மடங்காகத்தான் வரும். 18 பக்கம் எழுதிவிட்டு அச்சகத்தில் போய் நிற்காதீர்கள். உள்தாள் 128 கிராம், அட்டை 260 கிராம். தமிழ் எழுத்து கெடுவதுதான் அடிக்கடி நடப்பது. நீங்கள் அனுப்பிய கோப்பை அச்சகத்தார் வேறு மென்பொருளில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகவே கொடுத்து, அவர்கள் காட்டும் மாதிரியில் 'கெ', 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' உள்ள சொற்களை விரல் வைத்துப் பாருங்கள். பெயர்களை மூன்றாவது மனிதர் ஒருவர் சத்தமாகப் படிக்க, நீங்கள் அடையாள அட்டையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத் தமிழர் வீடுகளில் அந்தியேட்டிக்கு (31-ஆம் நாள் சடங்கு) அச்சிடும் 'கல்வெட்டு' என்ற நினைவுப் பாடல் நூலில் ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், மணம், மக்கள், மறைந்த திதி எல்லாம் பாட்டிலேயே வந்துவிடும். அந்த ஒழுங்கு எல்லோருக்கும் பயன்படும். அத்தோடு அவர் செய்த வேலையைச் சேருங்கள். எத்தனை வருடம் ரப்பர் பால் வெட்டினார், எந்தத் தொழிற்சாலை, எந்தப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை? ஊழியர் சேமநிதி 1951-இலிருந்து இருக்கிறது. பழைய அறிக்கைத் தாள் கிடைத்தால் ஆண்டு தெரியும். "அன்பே உருவானவர், பண்பின் சிகரம்" என்ற வரிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றைப் போடுங்கள். எந்த அம்மாவுக்கும் பொருந்தும் வரி உங்கள் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

முகப்பில் 'திருமதி' என்று போட்டுக் கணவர் பெயரை மட்டும் எழுதி விடாதீர்கள். அவருடைய சொந்தப் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். கூப்பிட்ட பெயர் அதன் கீழே. மகள்களையும் மருமகள்களையும் வயது வரிசையில், அவரவர் பெயரோடு. தமிழ் படிக்காத பேரப்பிள்ளைகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதினால் அப்படியே போடுங்கள். எல்லாப் பெயரும் சரியான பிறகு அச்சுக்குக் கொடுங்கள். விருந்தினர் எண்ணிக்கையை விட 20 பிரதி கூடுதலாக அடித்து, ஒரு பிரதியை மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திடம் ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.